"80,000 ஆண்டு" என்ற எண்ணைத் திருத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த வால்நட்சத்திரக் கட்டுரை, 2024 செப்டம்பர்–அக்டோபரில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த சுச்சின்ஷான்–அட்லஸை 80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்று சொல்கிறது. அது வானில் தெரிந்த நாள்களிலேயே உலகம் முழுக்கச் செய்திகளில் இதே எண் சுற்றியது. ஆகவே தவறு தங்கள் நாளிதழுடையது மட்டும் அல்ல. ஆனால் மாணவர்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கும் பக்கம் அது. இன்னொரு வால்நட்சத்திரம் வரும்போது இதே வாக்கியம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அச்சேறிவிடக் கூடாது என்பதால், எங்கே பிசகுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வால்நட்சத்திரத்தின் சுற்றுக்காலத்தை யாரும் காத்திருந்து அளப்பதில்லை. சில மாதங்கள் அது வானில் நகர்ந்த இடங்களைக் குறித்து, அந்தச் சிறு துண்டிலிருந்து முழுப் பாதையையும் கணக்கிடுகிறார்கள். ஹாலி போல 75, 76 ஆண்டில் திரும்புவதற்கு இது நன்றாகவே பொருந்தும். சுச்சின்ஷான்–அட்லஸ் போன்றதற்குச் சிக்கல் வேறு. பாதை எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் எண் மையத்தொலைத்தகவு. மேல்நிலைப் பள்ளிக் கணக்கில் வருவதுதான். வட்டத்துக்கு அது 0. நீள்வட்டத்துக்கு 1-க்குக் கீழே. சரியாக 1 என்றால் பரவளையம், 1-ஐத் தாண்டினால் அதிபரவளையம். இந்த இரண்டிலும் போனது போனதுதான்.

இந்த வால்நட்சத்திரம் சூரியனுக்கு மிக அருகே வந்த தொலைவு 0.39 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவே 1 வானியல் அலகு). அதாவது சுமார் 5.9 கோடி கிலோமீட்டர். புதனின் சராசரித் தொலைவை ஒட்டியது. இந்தத் தொலைவோடு 80,000 ஆண்டுச் சுற்றுக்காலம் வர வேண்டுமானால் மையத்தொலைத்தகவு 0.99979 ஆக இருக்க வேண்டும். அதை 0.99999 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். சுற்றுக்காலம் 77 லட்சம் ஆண்டாகிவிடும். 1.00000 என்று போட்டால் திரும்பி வரவே வராது. நான்காவது தசம இடத்தில் ஏற்படும் சின்ன அசைவு, 80,000 ஆண்டை முடிவிலியாக்கிவிடுகிறது. மேலே எறிந்த கல் தப்பிப்போகும் வேகத்துக்கு மயிரிழை குறைவாக இருந்தால் எப்போது கீழே விழும் என்று கேட்பது போன்றது இது. அந்த மயிரிழையை மிகத் துல்லியமாக அளந்தால்தான் விடைக்கே பொருள் உண்டு. சூரியனை நெருங்கிய காலத்துக்கான கணக்கில் இதன் தகவு 1-ஐச் சற்றே தாண்டி 1.0001 என்று இருந்தது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் 80,000 என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் அது வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து வந்ததா? இல்லை. வெளியிலிருந்து வந்ததாக உறுதியான போரிசோவ் வால்நட்சத்திரத்தின் தகவு 3.36. 2025 ஜூலை 1-இல் சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டறிந்த 3ஐ/அட்லஸுக்கு 6-ஐயும் தாண்டுகிறது. 1.0001 என்பது அந்த வகை அல்ல. அட்டவணையில் அச்சாகும் தகவு, ஒரு குறிப்பிட்ட தேதியில் சூரியனை மட்டும் மையமாக வைத்துக் கணக்கிட்டது. ஆனால் சூரியனே அசையாமல் நிற்பதில்லை. வியாழன் அதை இழுத்து ஆட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் தேதியை மாற்றினால் தகவும் மாறும், அதிலிருந்து வரும் சுற்றுக்காலமும் மாறும். ஏதோ ஒரு நாளின் எண்ணை எடுத்துச் சுற்றுக்காலமாக மாற்றினால் கிடைப்பது வெறும் கணக்குப் பயிற்சிதான்.

முறையான வழி இது. எல்லாக் கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக்கொண்டு, வால்நட்சத்திரத்தை அது வந்த வழியே கணினியில் பின்னோக்கி ஓட்ட வேண்டும். கோள்களின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, சூரியனை விட்டுவிட்டு முழுச் சூரியக் குடும்பத்தின் பொது நிறைமையத்தைக் கொண்டு பாதையைக் கணக்கிட வேண்டும். கிடைப்பது மூலப் பாதை. அதேபோல் முன்னோக்கி ஓட்டினால் வெளியேறும் பாதை கிடைக்கும். நெதர்லாந்து வானியலாளர் யான் ஊர்ட் 1950-இல் 19 வால்நட்சத்திரங்களின் மூலப் பாதைகளை ஒப்பிட்டபோதுதான், அவற்றில் பல பல்லாயிரம் வானியல் அலகு தொலைவிலிருந்து விழுந்தவை என்பது தெரிந்தது. சூரியக் குடும்பத்தைச் சுற்றிக் கோளவடிவில் பரந்து கிடக்கும் அந்தப் பனிக்கிடங்கைத்தான் இன்று ஊர்ட் மேகம் என்கிறோம். சுச்சின்ஷான்–அட்லஸின் மூலப் பாதையும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அதற்குரிய கால அளவு லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் பேசப்பட வேண்டியது.

"ஒருமுறை" என்ற சொல்தான் இன்னும் பெரிய தவறு. அது இதே கால இடைவெளியில் முன்பும் வந்தது, பின்பும் வரும் என்ற நினைப்பை அந்தச் சொல் உண்டாக்குகிறது. கோள்களுக்கிடையே ஒருமுறை புகுந்து வெளியேறும் இத்தகைய வால்நட்சத்திரத்துக்கு வியாழன் முதலான பெருங்கோள்கள் கொடுக்கும் அல்லது பறிக்கும் ஆற்றல் இருக்கிறதே, அது 80,000 ஆண்டுப் பாதையைச் சூரியனோடு கட்டிவைத்திருக்கும் மொத்த ஆற்றலின் அளவுக்கே கிட்டத்தட்ட வந்துவிடும். வந்த பாதையும் போகும் பாதையும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. இதற்கு ஹேல்–பாப் வால்நட்சத்திரம் நல்ல சான்று. அது வரும்போது சுற்றுக்காலம் சுமார் 4,200 ஆண்டு. 1996 ஏப்ரலில் வியாழனிலிருந்து 0.77 வானியல் அலகு தூரத்தில் கடந்தது. அந்த ஒரே இழுப்பில் சுற்றுக்காலம் சுமார் 2,500 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. ஓரளவு கணக்குக்கு அடங்கும் ஹேல்–பாப்பையே "இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை" என்று சொல்ல முடியாது.

பெயரிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. சுச்சின்ஷான்–அட்லஸின் குறியீடான சி/2023 ஏ3 என்பதில் முன்னால் உள்ள 'சி', திரும்பி வரும் என்று கணக்கில் எடுக்கப்படாத, அல்லது 200 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வால்நட்சத்திரம் என்பதைக் காட்டும். குறுகிய சுற்றுக்காலம் உறுதியானவற்றுக்கு 'பி'. 'ஏ' என்றால் ஜனவரியின் முதல் பாதி. 3 என்பது அந்த அரைமாதத்தில் அதன் வரிசை எண்.

கண்டுபிடிப்பைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. சுச்சின்ஷான் என்பவர் ஒரு விஞ்ஞானி என்றும் எழுதியிருக்கிறது. அது ஆள் பெயர் அல்ல. சீனாவின் ஊதா மலை வானாய்வகத்தின் பெயர், சீன ஒலிப்பில். அந்த ஆய்வகத்தின் ஷூயீ நிலையத்தில் 2023 ஜனவரி 9-இல் எடுத்த படங்களில் நகரும் புள்ளி ஒன்று பதிவானது. சிறுகோள் போலத் தெரிந்ததால், இத்தகைய பதிவுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டும் சிறுகோள் மையத்தின் 'உறுதிசெய்ய வேண்டியவை' பட்டியலில் போட்டார்கள். அந்தப் பட்டியலின் நோக்கமே, உலகின் வேறு ஏதாவது ஒரு தொலைநோக்கி அடுத்த சில நாள்களில் அதே பொருளைப் பார்த்து இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதுதான். ஒரே இரவின் சில அளவுகளை வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் முன்கணித்தால், பொருள் இருக்கக்கூடிய பரப்பு விரிந்துகொண்டே போகும். கொஞ்ச நாளில் தேடவே முடியாது. இதற்கும் அதுதான் நடந்தது. யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. ஜனவரி 30-இல் 'தொலைந்தது' என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 22-இல் தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் மறுபடி சிக்கியது. அட்லஸ் என்பது பூமியில் மோதக்கூடிய சிறுகோள்களை முன்கூட்டியே எச்சரிக்க அமைத்த ஏற்பாடு. தொலைநோக்கியின் வாய் அரை மீட்டர்தான். ஆனால் ஒரே படத்தில் பக்கத்துக்கு ஐந்து பாகைக்கு மேல் வானத்தை வாரிக்கொள்ளும். 30 வினாடிப் படம். அதே இடத்தை ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை எடுக்கும். நட்சத்திரங்கள் அசையாமல் இருக்க, நான்கிலும் ஒரே கோட்டில் ஒரே சீராக நகர்ந்த புள்ளியை மென்பொருள் பிரித்தெடுக்கும். இரண்டு படம் மட்டும் இருந்தால் கேமராக் கோளாறு, காஸ்மிக் கதிர் விழுந்த தடம் எல்லாம் நகரும் பொருளாக ஏமாற்றிவிடும். நான்கு என்பதற்குக் காரணம் அதுதான். அன்று அது சூரியனிலிருந்து 7.3 வானியல் அலகு, அதாவது 109 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வெறுங்கண்ணின் எல்லை 6-ஆம் பொலிவெண் என்றால், இது 18. எண் கூடினால் மங்கல் என்பதை நினைவில் கொள்க. 12 பொலிவெண் வேறுபாடு என்பது அறுபதாயிரம் மடங்குக்கும் மேல் மங்கல்.

பாதையைக் கணக்கிட்டபோது, ஜனவரியில் தொலைந்த பொருளும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. ஆகையால்தான் சீன ஆய்வகத்தின் பெயர் முதலில் வருகிறது. பிறகு பழைய படங்களைத் துழாவியபோது, கலிஃபோர்னியாவின் பாலோமரில் 2022 டிசம்பர் 22-இல் எடுத்த படங்களிலேயே அது பதிவாகியிருந்தது. அடர்ந்த தலையும் சின்ன வாலும் அவற்றில் தெரிந்தன. சிறுகோள் அல்ல, வால்நட்சத்திரம் என்பது அதனால் உறுதியானது. இந்தப் பழைய படங்கள் வெறும் பெருமைக்கு அல்ல. பார்த்த கால நீளம் கூடக் கூடத்தான் நான் மேலே சொன்ன அந்த நான்காவது, ஐந்தாவது தசம இடங்கள் நிலைக்கு வரும்.

அட்லஸ் என்ற பெயரில் பல வால்நட்சத்திரங்கள் இருப்பதால் எண்ணையும் சேர்த்தே அச்சிட வேண்டும். 2020-இல் உடைந்து சிதறியது சி/2019 ஒய்4. 2024 அக்டோபர் 28-இல் சூரியனருகே போய் இல்லாமல் போனது சி/2024 எஸ்1. 2025 ஜனவரியில் சூரியனை உரசிச் சென்றது சி/2024 ஜி3. எல்லாமே அட்லஸ்தான். ஒன்றின் படத்தை மற்றொன்றின் செய்தியோடு போடுவது அடிக்கடி நடக்கிறது. (வால்நட்சத்திரத்துக்குக் கண்டவரின் பெயரைச் சூட்டுவதை நினைத்தால், ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள பெரிய தொலைநோக்கி யார் பெயரைத் தாங்குகிறதோ, அந்த வைணு பாப்புவின் பெயரும் ஒரு வால்நட்சத்திரத்துக்கு உண்டு. ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1949 ஜூலை 2-இல் கண்டது. பாப்பு–பாக்–நியூகிர்க் என்று பெயர்.)

கட்டுரையிலுள்ள "எரியும் பந்து" என்ற சொல்லாட்சியையும் விட்டுவிட வேண்டும். அங்கே எதுவும் எரிவதில்லை. எரிய ஆக்சிஜன் காற்றும் இல்லை. நடுவிலுள்ள கரு சில கிலோமீட்டர் அளவுள்ள பனியும் தூசியும் கலந்த கட்டி. ஹாலியின் கரு 15 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம். 1986-இல் ஜியோட்டோ விண்கலம் அருகே போய்ப் பார்த்தபோது, விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தையே திருப்பி அனுப்பும் கரிக்கட்டியாக இருந்தது. ரொசெட்டா விண்கலம் சுற்றிவந்த 67பி வால்நட்சத்திரத்தின் அடர்த்தி தண்ணீரில் பாதிதான். உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். இப்படிப்பட்ட பொலபொலப்பான கட்டி என்பதால்தான் சூரியனருகே வெடித்து உடைவதும் சாதாரணமாக நடக்கிறது.

விண்வெளியில் அழுத்தம் இல்லாததால் பனி உருகித் தண்ணீராவதில்லை. கற்பூரம் போல நேரே ஆவியாகிறது. அந்த ஆவி தூசியை அள்ளிக்கொண்டு வெளியேறித் தலையாகப் பரவுகிறது. தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தம் தள்ளுவதால் வளைந்த மஞ்சள்வெள்ளை வால். வாயுவின் அயனிகளைச் சூரியக் காற்று நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்வதால் நேரான நீல வால். இரண்டுமே சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்பவை. ஆகவே சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால்தான் முன்னே போகும். கட்டுரையோடு வந்த வரைபடத்தில் வால் பாதையின் பின்னாலேயே கிடக்கிறது. ராக்கெட் புகை போல வரைந்திருக்கிறார்கள். அக்டோபர் 14-ஐ ஒட்டிய படங்களில் சூரியன் பக்கமாக ஊசிபோல் ஒன்று நீண்டது, புதிதாக முளைத்த வால் அல்ல. அன்று பூமி அதன் பாதைத் தளத்தைக் கடந்தது. பாதை நெடுகப் படர்ந்து கிடந்த பெருந்தூசியை விளிம்பு வழியாகப் பார்த்தோம், அவ்வளவுதான்.

பொலிவுக் கணிப்பு ஏன் இவ்வளவு தூரம் தவறுகிறது என்பதைப் பொதுமக்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. நீர்ப்பனி வேகமாக ஆவியாவது சுமார் 3 வானியல் அலகுக்கு உள்ளே வந்த பிறகுதான். ஊர்ட் மேகத்திலிருந்து முதல்முறையாக வருபவற்றின் மேற்பரப்பில் கார்பன் மோனாக்சைடு போன்ற, வெகுதொலைவிலேயே ஆவியாகும் பனிகள் தீண்டப்படாமல் இருக்கும். அவை வியாழனுக்கு அப்பாலேயே தூசியைக் கிளப்பிவிடுவதால், தொலைவிலேயே இவ்வளவு பொலிவா என்று தோன்றும். பிறகு அந்தச் சரக்கு தீர்ந்ததும் வேகம் குறையும். வழக்கமான கணிப்பு, சூரியத் தொலைவு பாதியானால் பொலிவு 16 மடங்காகும் என்று எடுத்துக்கொள்கிறது. 4 வானியல் அலகிலிருந்து 0.4-க்கு வரும்போது அதன்படி 10 பொலிவெண் அளவுக்குப் பிரகாசம் கூட வேண்டும். ஆனால் புதிதாக வருபவை பாதியான தொலைவுக்கு ஐந்தாறு மடங்கு மட்டுமே கூடுவதும் உண்டு. அப்போது கிடைப்பது சுமார் 6 பொலிவெண்தான். இரண்டுக்கும் இடையே சுமார் நாற்பது மடங்கு ஏமாற்றம்! 1973-இல் கொஹோதெக் வால்நட்சத்திரம் உலகையே எதிர்பார்க்க வைத்துக் கைவிட்டது இந்தக் கணக்கில்தான். 2013-இல் ஐசான் என்ற வால்நட்சத்திரம் சூரியனருகே சிதறியே போனது. சுச்சின்ஷான்–அட்லஸுக்கு நேரெதிர். 2024 ஜூலையில் ஆய்வாளர் செகானினா, அது சூரியனை நெருங்கும் முன்பே உடைந்துவிடும் என்று காரணங்களோடு எழுதினார். அது உடையவில்லை. செப்டம்பர் 27-இல் நொடிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றிவிட்டு, அக்டோபர் 12-இல் பூமியிலிருந்து 7 கோடி கிலோமீட்டரில் கடந்தது.

வெள்ளியைவிடப் பிரகாசமாக −5 பொலிவெண் வரை போனது என்ற கட்டுரையின் வரி உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த அளவு அக்டோபர் 9-ஐ ஒட்டி, சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில் பதிவானது. அப்போது அது நமக்கும் சூரியனுக்கும் கிட்டத்தட்ட இடையில், சூரியனிலிருந்து மூன்று நான்கு பாகையில் இருந்தது. கூரை ஓட்டின் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மின்னுவதைச் சூரியன் இருக்கும் திசை நோக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். முதுகைக் காட்டி நின்றால் தெரியாது. நுண்தூசி ஒளியை முன்பக்கமாகவே அதிகம் சிதறடிக்கிறது. அந்த நாள்களில் பொலிவு கூடியது இதனால்தான். பகல் வானில் சூரியனை ஒட்டி இருந்ததை வெறுங்கண்ணால் தேடியிருந்தால் கண்தான் கெட்டிருக்கும். இந்த எச்சரிக்கை எந்தச் செய்தியிலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்த முறை வாசகருக்குத் தேவைப்படுவது தேதி, நேரம், திசை, அடையாளத்துக்கு ஒரு பிரகாசமான விண்மீன், உயரம். 2024 அக்டோபர் 14-க்கு இப்படி எழுதியிருக்கலாம்: சூரியன் மறைந்து 40, 45 நிமிடம் கழித்து மேற்கு வானில், வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் நடுவே. உயரத்தைக் கைக்கணக்கில் சொல்லலாம். நீட்டிய கையின் மூடிய முட்டி சுமார் 10 பாகை. அரை முட்டிக்குக் கீழே இருந்தால் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டாம். 5 பாகை உயரத்தில் நாம் ஊடுருவிப் பார்க்கும் காற்று, தலைக்கு நேர்மேலே உள்ளதைப்போல் 10 மடங்கு. 2, 3 பொலிவெண் அங்கேயே போய்விடும். பொலிவெண் 2 என்று அச்சிடும்போது, அது ஒரு புள்ளியாகக் குவிந்த ஒளி அல்ல, பரந்து கிடக்கும் ஒளியின் கூட்டுத்தொகை என்பதையும் சொல்ல வேண்டும். அதே எண்ணுள்ள நட்சத்திரத்தைவிட மங்கலாகவே தெரியும். முழுநிலவு எப்போது என்பதையும் போடுங்கள். 2024-இல் அக்டோபர் 17-ஆம் தேதி முழுநிலவு; வால் தெரியாமல் போனதற்கு மழைமேகத்தோடு அதுவும் காரணம். 10x50 பைனாகுலர் இருந்தால் போதும், தொலைநோக்கி தேவையில்லை. அதன் குறுகிய பார்வையில் வால் முழுதாக அடங்காது.

படங்களைப் பற்றியும் ஒன்று. கட்டுரையோடு வந்த படம் வானத்தில் பாதியை அடைக்கும் வாலைக் காட்டுகிறது. கேமரா பத்து வினாடி, இருபது வினாடி ஒளியைச் சேர்த்துக்கொண்டு எடுப்பது அது. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் இருப்பார்கள். கண்ணுக்கு அப்படிச் சேர்க்கத் தெரியாது. படத்தை நம்பி மொட்டைமாடிக்கு ஏறியவர்கள் மங்கிய ஒரு கீற்றைப் பார்த்து, இது அதுவல்ல என்று இறங்கிவிடுகிறார்கள். எத்தனை வினாடிப் படம், எத்தனை படங்களின் அடுக்கு, எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்பதைப் படத்தின் அடியில் ஒரே வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வானியல் வாசகர்